முப்பத்தொன்றாவது வரைபடம்

பதினேழாவது குடும்பம் கண்ணாடி மேல் குப்புறப் படுத்துவிட்டது. ஷகிலா அக்கா மூடியை அழுத்திப் பிடிக்கிறார், பச்சை வெளிச்சம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஊர்ந்து போகிறது, முடிந்தது, அடுத்தது. இன்னும் முப்பத்து மூன்று. மணி மூன்று பத்து. ஐந்துக்குள் எல்லாம் ஏறிவிட வேண்டும், ஐம்பது குடும்ப வரைபடம், நான்கு நீண்ட நோயாளர் அறிக்கை, இவை யாவும் உண்மை, முழுமை என்று நான் கையெழுத்திட வேண்டிய ஓர் உறுதிமொழித் தாள். ஐந்து ஒன்றுக்குச் சான்றிதழ் தரும் இணையதளம் கதவைச் சாத்திவிடும், அப்புறம் அடுத்த வருஷம்தான். பத்தொன்பது வருஷம் ஊசி போட்ட கை இது, நரம்பே கிடைக்காத குழந்தைக்கும் ஒரே குத்தில் போடுகிற கை என்று வார்டில் பேர், அது இன்று ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை பெஞ்சில் துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டிருக்கிறது. ஜெசிந்தா, ஜீனோமிக்ஸ் செவிலியர், பரம்பரையில் இறங்கும் நோய்களுக்கான நர்ஸ். சொல்லிப் பார்த்தால் வாய் நிறைகிறது. சான்றிதழ் இந்த வருஷமே வந்தால் மூன்றாவது மாடியில் பழைய துணி அறையைக் காலி செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கதவு உள்ள அறை. இப்போது நான் குடும்பக் கதை கேட்பது கீமோ வார்டில் ஒரு பச்சைத் திரைக்குப் பின்னால். அந்தப் பக்கம் யாரோ வாந்தி எடுத்துக்கொண்டிருப்பார்கள், இந்தப் பக்கம் ஒரு பெண் தன் அம்மாவின் மார்பில் வந்த புண்ணைப் பற்றி, நாற்பது வருஷமாக எவரிடமும் சொல்லாததை, குசுகுசுவென்று சொல்லிக்கொண்டிருப்பாள். அவளுக்கு ஒரு கதவு வேண்டாமா. எனக்கும்தான் வேண்டும், ஏன் மறைக்க வேண்டும், கதவில் என் பேர் போட்ட பலகையும் வேண்டும்.

பதினெட்டு. சதுரம் ஆண், வட்டம் பெண், குறுக்கே ஒரு கோடு கல்யாணம், அதிலிருந்து கீழே இறங்கினால் பிள்ளைகள், மேலே சாய்வாக அடித்தால் செத்துப்போனவர், உள்ளே கறுப்பாக நிரப்பினால் நோய் வந்தவர். இவ்வளவுதான். முதல் வகுப்பில் பார்த்தபோது எல்.கே.ஜி. பிள்ளை கிறுக்கியது மாதிரி இருந்தது. அப்புறம் ஒரு நாள் செங்கல் சூளையில் வேலை பார்க்கும் ஒரு பெண் வந்தாள், கைநாட்டு, ஆறாம் நம்பர் படுக்கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்க, கண்ணை மூடிக்கொண்டு பேர் சொல்ல ஆரம்பித்தாள். நான் ஒரு தாளோடு இன்னொரு தாளை ஒட்டினேன். அதோடு இன்னொன்று. அறுபத்திரண்டு பேர். ஒருவரையும் மறக்கவில்லை, பிறந்து மூன்றாம் நாள் போனதைக்கூட விடவில்லை. அவள் கண்ணைத் திறந்தபோது அவளுக்குப் பின்னால் அறுபத்திரண்டு பேர் நிற்பதுபோல் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்றிலிருந்து யாரும் எனக்குத் தனியாளாகத் தெரிவதில்லை. பேருந்தில் உட்கார்ந்தால் காதைப் பார்க்கிறேன். ஷகிலா அக்காவுக்குக் காது மடல் கன்னத்தோடு ஒட்டியிருக்கிறது, போன வாரம் இங்கே வந்த அவர் தம்பிக்கும் அப்படியே. யார் கொடுத்த காது அது, எந்த ஊரில், எந்த நூற்றாண்டில் முதலில் ஒட்டியது. அப்பா ஒரு முந்நூறு கோடி மரபணு எழுத்து, அம்மா ஒரு முந்நூறு கோடி எழுத்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு செல்லுக்குள் அத்தனையும் சுருண்டு கிடக்கிறது, நீட்டினால் என்னைவிட உயரமாம். நான் ஐந்தடிதான், என்னைவிட உயரமாக இருப்பது பெரிய விஷயமில்லை, ஆனாலும் நகக்கண்ணில் ஒட்டுகிற தோல் துணுக்கில் இது ஆயிரக்கணக்கில் இருக்கிறது என்று படித்த அன்று என்னால் சோறு தின்ன முடியவில்லை. கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோயிலில் திவ்ய நற்கருணையை உயர்த்திக் காட்டும்போது வருமே, அந்தப் பயம், அந்தச் சந்தோஷம். இந்தக் கடை இயந்திரத்தின் கண்ணாடியில் எங்கோ ஒரு பொட்டு அழுக்கு இருக்கிறது, எல்லாப் பக்கத்திலும் வலது மூலையில் அதே புள்ளி விழுகிறது. அக்கா துடைத்தால் போய்விடும். உடம்பில் விழுந்தால் துடைக்க முடியாது, பிள்ளைக்குப் போகும், பிள்ளையின் பிள்ளைக்குப் போகும், பாதிப் பேருக்குப் போகும், பாதிப் பேருக்குப் போகாது, ஏன் இவளுக்கு, ஏன் அவளுக்கு இல்லை என்று கேட்டால் பதில் கிடையாது. காசு சுண்டிப் போட்டதுதான்.

இருபத்தாறு, இருபத்தேழு. அக்காவுக்குக் கை பழகிவிட்டது. வகுப்பு நடத்திய பத்மஜா மேடத்துக்கு இந்த வேகம் பிடிக்கும். சென்னையிலிருந்து வாராவாரம் கணினித் திரையில் வருவார், நெற்றியில் பொட்டு இருக்கிற இடத்தில் எப்போதும் விளக்கு வெளிச்சம் விழுந்திருக்கும். நம் ஊர்ப் பெண்களிடம் கதை கேட்கும்போது ஒன்றில் உஷாராக இருங்கள் என்றார் அவர். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது என்று கேட்டால், கல்யாணமான பெண் புருஷன் வீட்டைத்தான் சொல்வாள். மாமியாருக்குச் சர்க்கரை, மாமனாருக்கு வாதம், கொழுந்தனுக்கு நெஞ்சு வலி என்று அரை மணி நேரம் போகும். அந்த ரத்தத்துக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. தட்டி நிறுத்துங்கள். நான் பார்த்தேன், சத்தியமான வார்த்தை. தாலி ஏறிய அன்றே குலசாமி மாறிவிடுகிற ஊரில் குடும்பம் என்றால் வேறு எதைச் சொல்வாள். நானே என் நாத்தனாருக்கு மைக்ரேன் என்பதை என் வியாதி மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். அதனால் தட்டி நிறுத்தக் கற்றுக்கொண்டேன். அது உங்க வீட்டுக்காரர் பக்கம்மா, உங்க பக்கம் சொல்லுங்க. இதைச் சொல்லும்போது என் குரலில் ஓர் அதிகாரம் வரும். உள்ளுக்குள் ஒரு சின்னக் கர்வமும் வரும், இப்போது நினைத்தால் தெரிகிறது, அப்போது அது படிப்பு என்றுதான் நினைத்தேன்.

"சிஸ்டர், இது சரியா விழல பாருங்க. ஓரத்துல பென்சில்ல எழுதியிருக்கீங்க, வெளுத்துப்போச்சு," என்று ஷகிலா அக்கா ஒரு தாளை நீட்டுகிறார். "பேனாவுல மேலயே எழுதிக் குடுத்துருங்க. நான் அடுத்ததப் போடுறேன்." முப்பத்தொன்று. பேர் எழுதக் கூடாது என்பது விதி, அதனால் ப.வ., 52 என்றுதான் இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரியாதா, நத்தம் பஞ்சவர்ணம். என் நான்கு நீண்ட அறிக்கைகளில் மிக நீளமானது இவரைப் பற்றியது, பதினோரு பக்கம், மரபுவழி ஆபத்து இல்லை என்று ஒரு குடும்பத்தின் பயத்தைப் போக்கிய கதை, பத்மஜா மேடம் வகுப்பில் வாசித்துக் காட்டிய அறிக்கை. தினமும் காலையில் எனக்கு வாட்ஸப்பில் ஒரு பூப்படம் அனுப்புகிறவர். இடது மார்பில் கட்டி, எடுத்தாயிற்று, மருந்தும் முடிந்து எட்டு மாதமாகிறது. நோயாளி சொன்னதை அவர் வார்த்தையிலேயே ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும் என்பதும் விதி, வார்டில் பேனா மை கசிந்து கோட்டெல்லாம் நீலமாவதால் நான் பென்சில்தான். இப்போது என் எழுத்தின் மேலேயே எழுதுகிறேன். வாசிக்கும்போது கண் தாவிவிடும், மேலே எழுதும்போது தாவ முடியாது, ஒவ்வொரு கொம்பும் ஒவ்வொரு சுழியும் பிடித்து நிறுத்துகிறது. எங்க மாமியாருக்கு வயித்துல கட்டி. மதுரைக்குத் தூக்கிட்டுப் போனோம். கர்ப்பப்பைக்குப் பக்கத்துலன்னு சொன்னாக. நாப்பத்தெட்டு வயசுலயே போயிட்டாக. இங்கே நான் அந்த வட்டத்தைப் பென்சிலால் அடித்திருக்கிறேன், கணவர் பக்கம், சேர்க்க வேண்டாம். அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி. அவர் பேசிக்கொண்டே போயிருக்கிறார், நான் எழுதிக்கொண்டே போயிருக்கிறேன், அன்று மணி ஒன்றாகப் போகிறது, திரைக்கு வெளியே பதினோரு பேர். எங்க அப்பாதான் பொறந்த வீட்டுக் கோடி. பேனா கோடி வரைக்கும் வந்து நிற்கிறது. எங்க அப்பாதான் பொறந்த வீட்டுக் கோடி எடுத்துட்டு வந்து போட்டாரு.

அம்மா இறந்த அன்று பெட்டி மூடாமல் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். சாமியார் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், பாடல் குழு மூன்று பாட்டைத் திருப்பித் திருப்பிப் பாடுகிறது, வெயிலில் ஐஸ் கரைந்து முற்றத்தில் ஓடுகிறது, யாரும் ஒரு வார்த்தை அவசரப்படுத்தவில்லை, ஏனென்றால் கம்பத்திலிருந்து மாமா வந்துகொண்டிருந்தார். அவர் கையில் மஞ்சள் பைக்குள் கோடிச் சேலை. பிறந்த வீட்டுக் கோடி வந்து விழாமல் பெண் பிணம் எழும்பாது. அதை அவளோடு பிறந்தவன் போட வேண்டும். அண்ணனோ தம்பியோ. வேறு யார் போடுவார்கள். சம்பந்தி போடுவாரா. சம்பந்தி மாலை போடுவார், துண்டைத் தோளில் போட்டு ஓரமாக நிற்பார். பஞ்சவர்ணத்தின் அப்பா தன் மகளின் மாமியாருக்குப் பிறந்த வீட்டுக் கோடி போட்டார். பஞ்சவர்ணத்தின் மாமியார் பஞ்சவர்ணத்தின் அப்பாவோடு பிறந்தவர். பஞ்சவர்ணம் அத்தை மகனைக் கட்டியிருக்கிறார். உறவுத் திருமணமா என்ற கட்டத்தில் இல்லை என்று டிக் போட்டிருப்பது என் கைதான், பஞ்சவர்ணம் சொல்லவில்லை, நான் கேட்கவே இல்லை, பிறந்த ஊர் நத்தம், வாக்கப்பட்டது மேலூர்ப் பக்கம், ஊர் வேறாக இருக்கிறதே என்று நானே போட்டுக்கொண்டது. பச்சைப்பிள்ளை வார்டில் என்றால் முதல் கேள்வியே சொந்தத்துலயா கட்டுனீங்க என்பதுதான், ஐம்பத்திரண்டு வயதுப் பெண்ணிடம் எதற்கு என்று நினைத்திருப்பேன். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்யை ஊரெல்லாம் தேடியவளைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள், நான் கையில் வைத்துக்கொண்டு தேடவும் இல்லை, அடித்துவிட்டேன். இதை நம் ஊரில் பிறந்த ஒருத்தியைத் தவிர வேறு எவளாலும் கண்டுபிடிக்க முடியாது, நம் ஊரில் பிறந்த நானே எட்டு மாதம் கண்டுபிடிக்கவில்லை.

மார்பிலும் சூலகத்திலும் புற்று வைக்கிற, ஓர் எழுத்து பிசகிய அந்த இழை மாமியாரிடம் இருந்திருந்தால் அவரோடு பிறந்தவரிடமும் இருந்திருக்கலாம். ஆணுக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் கம்மென்று உட்கார்ந்திருக்கும், மகள் பிறக்கும்போது பாதி வாய்ப்பில் இறங்கும். மார்பில் வந்தாயிற்று. கர்ப்பப்பைக்குப் பக்கத்தில் இரண்டு சூலகம் இன்னும் பஞ்சவர்ணத்தின் வயிற்றில் அப்படியே இருக்கிறது, நான்தான் பயமில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன், கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். ரத்தம் எடுத்துப் பார்க்கத் தேவையில்லை என்று என் படத்தை நம்பித்தான் டாக்டர் எழுதினார். பதறுகிறது, ஆனால் அதே நேரத்தில், இதை யாரிடமாவது சொன்னால் செருப்பால் அடிப்பார்கள், அந்தத் தாளைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஒரு வீட்டிலிருந்து புறப்பட்ட ரத்தம் ஒரு பெண்ணோடு மேலூருக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டு, அங்கே ஒரு மகனாகி, அந்த மகனுக்காகவே நத்தத்துக்குத் திரும்பிப் போய்ப் பெண் கேட்டு, தன்னைத் தானே சந்தித்துக்கொண்டிருக்கிறது. யாருக்கும் தெரியாமல், மேளம் கொட்டி, மொய் எழுதி. நான் சம்பந்தமில்லாதவர் என்று அடித்த வட்டம்தான் மொத்தப் படத்துக்கும் நடு. அப்புறம் இன்னொன்றும் தெரிகிறது. பஞ்சவர்ணத்தின் அப்பாவோடு பிறந்தவர்கள் என்று வரைந்திருக்கும் இடத்தில் நான்கு சதுரம். ஒரு வட்டம்கூட இல்லை. நத்தத்தில் ஒரு வீட்டில் நான்கு ஆண் பிள்ளை, பெண்ணே பிறக்கவில்லையாக்கும். உங்க அப்பா பக்கம் எத்தனை பேர் என்று கேட்டிருப்பேன், பக்கம் என்றால் பங்காளி, கட்டிக்கொடுத்தவர்கள் வேற வீடு, அவர் கணக்கில் அது சரி. என் கணக்கில்தான் பெண்கள் காணாமல் போயிருக்கிறார்கள்.

எழுந்துபோய் அடுக்கைப் புரட்டுகிறேன். எட்டாவது குடும்பம், அப்பாவோடு பிறந்தவர்கள் மூன்று சதுரம். இருபத்திரண்டு, ஐந்து சதுரம் ஒரு வட்டம், அந்த ஒரு வட்டமும் கல்யாணமாகாமல் இறந்தவர். முப்பத்தொன்பது, நான்கு சதுரம். இவை யாவும் உண்மை, முழுமை. உண்மை என்று வேண்டுமானால் கையெழுத்துப் போடலாம், அவர்கள் சொன்னதைத்தான் வரைந்தேன். ஒன்றே ஒன்றுதானே, இதை அனுப்பிவிட்டு, திங்கட்கிழமை பஞ்சவர்ணத்தைக் கூப்பிட்டு, சும்மா ஒரு டெஸ்ட் என்று சொல்லி எடுத்துவிட்டால் யாருக்குத் தெரியும். அறை வந்தால் இன்னும் எத்தனை பேருக்கு நல்லது செய்யலாம், கதவு உள்ள அறையில் உட்கார்ந்து சாவகாசமாகக் கேட்டால் இந்தத் தப்பு வருமா. மனசு எவ்வளவு அழகாக வக்காலத்து வாங்குகிறது, கறுப்புக் கோட்டு ஒன்றுதான் குறை. திங்கட்கிழமை என்றால் இன்னும் மூன்று நாள், எட்டு மாதத்தோடு மூன்று நாள் என்ன. ஆனால் சும்மா ஒரு டெஸ்ட் என்று பொய் சொல்லி எடுக்கிற ரத்தத்தை வைத்து அவர் மகளிடம் நான் என்ன சொல்வேன். தர்ஷினி. இருபத்து நான்கு வயது, அம்மாவுக்கு மருந்து ஏறும்போது கால்மாட்டில் உட்கார்ந்து போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவள், என்னிடம் ஒரு கணக்குக்கு விடை கேட்டாள், எனக்குத் தெரியவில்லை, இருவரும் சிரித்தோம். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து எப்படி.

"அக்கா, நிறுத்திடுங்க," என்கிறேன்.

"ஏன் சிஸ்டர், இன்னும் பதினாலுதான். மணி நாலுகூட ஆகல."

"படம் தப்பு. வெறும் தாள் நாலு குடுங்க."

"ஒரு தாள்தான தப்பு, அத மட்டும் மாத்துங்களேன். ரெண்டு வருசமா அலைஞ்சீங்க."

"எல்லாத்துலயும் ஆள் கொறையுதுக்கா."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு இயந்திரத்தை அணைக்கிறார். அது மூச்சு விடுவதை நிறுத்தியதும்தான் தெரு சத்தம் கேட்கிறது, ஆட்டோ, இளநீர் வெட்டுகிற சத்தம், எதிரே ஆஸ்பத்திரி வாசலில் யாரையோ இறக்குகிறார்கள். அடுத்த வருஷம். அடுத்த வருஷம் அந்தத் துணி அறையை வேறு யாருக்காவது கொடுத்திருப்பார்கள். வருவது அழுகைதான், அதற்கு வேறு பேர் வைக்க வேண்டாம். போனில் நத்தம் பஞ்சவர்ணம் என்று தேடினால் மேலே மேலே பூவாக வருகிறது, ரோஜா, தாமரை, செம்பருத்தி, ஒன்றுக்காவது நான் பதில் போட்டிருக்கிறேனா. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"ஆயுசு நூறு சிஸ்டர். இப்பத்தான் எம் பொண்ணுகிட்ட உங்களப் பத்திப் பேசிட்டிருந்தேன்."

"பஞ்சவர்ணம், ஒண்ணு கேக்கணும். உங்க மாமியாரும் உங்க அப்பாவும்..."

"கூடப் பொறந்தவுக. அப்பாவுக்கு நேர் மூத்தவுக. அன்னைக்கே சொன்னேனே, அப்பாதான் கோடி போட்டாருன்னு."

"சொன்னீங்க. எழுதியும் வச்சிருக்கேன். நான்தான் அத வாசிக்கல. அவங்களோட எத்தனை பொம்பளப் பிள்ளைக பிறந்தாங்க?"

"அவுகளோட சேத்து மூணு. ஏன் சிஸ்டர்? நடுவுல உள்ளவுகளும் வயித்துல நீர் கோத்துத்தான் போனாக. அப்பெல்லாம் என்னன்னு யாரு பாத்தா."

நான் சொல்கிறேன். இரண்டு வருஷம் படித்ததை, பதினோரு பக்கம் எழுதியதைத் தலைகீழாகத் திருப்பி, எவ்வளவு எளிதாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு எளிதாக. ஒரு குறை இருக்கலாம், அது அப்பா வழியாகவும் இறங்கும், அன்றைக்கு நான் சொன்ன பயமில்லை என்பது தப்பு, என் தப்பு, டாக்டருடையது இல்லை, உங்களுடையது இல்லவே இல்லை. அந்தப் பக்கம் எங்கோ ஒரு குக்கர் விசில் போடுகிறது. நான் இன்னும் அடுத்த படிக்குப் போகவில்லை, எப்படிப் போவது என்று வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறேன், மூன்றாவது பருவத்தில் ஒரு முழுப் பாடமாக வருகிற படி அது.

"அப்ப எங்க வீட்டுக்காரரும் அந்த அம்மா பெத்ததுதான சிஸ்டர்," என்கிறார் பஞ்சவர்ணம். மெதுவாக, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி. "எம் பொண்ணுக்கு ரெண்டு கையிலேருந்தும் வந்திருக்கும்ல."

எட்டாம் வகுப்போடு நின்றவர், அடுப்படியில் நின்றுகொண்டு, இரண்டு நிமிஷத்தில் அந்தப் படிக்கு வந்துவிட்டார்.

"வந்திருக்கலாம். வராமயும் இருக்கலாம். ரத்தம் எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். இருந்துச்சுன்னா, நோய் வர்றதுக்கு முந்தியே மறிக்கலாம். உங்க மாமியாருக்கு அந்த வழி இல்ல. உங்களுக்கு இருக்கு. தர்ஷினிக்கும் இருக்கு."

"எட்டு மாசம் போயிருச்சே சிஸ்டர்." திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"போயிருச்சு. மன்னிச்சிருங்க. நாளைக்கே வாங்க, மூணு பேரும்."

போனை எங்கோ தள்ளிப் பிடித்து, ஏய் அடுப்ப அணைடி, அப்பாவ உள்ள வரச் சொல்லு என்கிற குரல். அப்புறம் பக்கத்தில் வந்து, மூச்சை இழுத்துக்கொண்டு, "வர்றோம். ஆனா எங்க அத்தைமாரு மூணு பேரு பிள்ளைகளும் இருக்கே சிஸ்டர். பேரன் பேத்தியோட எண்ணுனா இருவதுக்கு மேல போகும். ஆளுக்கொரு ஊருல குடுத்திருக்கு. அதுகளுக்கெல்லாம் யாரு சொல்றது?"

"நாம சொல்லலாம்."

"அப்ப பேனா எடுங்க. எங்க மாமியாருதான் மூத்தவுக, அவுகள்லருந்து சொல்றேன்."

ஷகிலா அக்கா கொடுத்த நான்கு தாளையும் ஓரத்தோடு ஓரம் ஒட்டி பெஞ்சில் விரித்து, நடுவில் ஒரு வட்டம் போட்டேன்.

"ம், சொல்லுங்க."

"வெள்ளையம்மா," என்றார்.